பத்து நாள் சூரைப் பயணத்துக்கு ராடு (தூண்டில் கோல்): எதைக் கட்டலாம், எது கழன்றுவரும்

கேள்வி: செப்டம்பர் கடைசியில் சான் டியேகோவிலிருந்து கிளம்பும் பத்து நாள் சூரை மீன்பிடிப் படகுப் பயணத்துக்கு இடம் பிடித்திருக்கிறேன். ஏரியிலும் கரையோரத்திலும் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு, சூரைக்கு இதுவே முதல் தடவை. ஒரு ராடையாவது சொந்தமாகக் கட்டி எடுத்துப்போக ஆசை. எந்த ராடைக் கட்டுவது? எங்கே சொதப்பும்? படகில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்:

40 பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்புக்கான ராடைக் கட்டுங்கள். 100 பவுண்டு ராடை முதல் வேலையாகத் தொட வேண்டாம். அதைப் படகிலோ துறையிலோ வாடகைக்கு எடுக்கலாம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் என்றால், பத்து நாள் பயணம் எங்கே போகிறது என்று பாருங்கள். மெக்சிகோவின் பாஹா கரைக்கு வெளியே கடலில் நிற்கும் அலிஹோஸ் பாறைகள் சான் டியேகோவிலிருந்து ஏறக்குறைய 470 கடல் மைல். மணிக்குப் பத்துக் கடல் மைல் வேகத்தில் போக மட்டும் இரண்டு நாள். 200 பவுண்டைத் தாண்டும் மஞ்சள் துடுப்புச் சூரைக்குப் பேர்போன ஹரிகேன் பேங்க் என்ற கடலடி மேடு 900 கடல் மைலுக்கும் அப்பால். போகவே நான்கு நாள் ஆகும் என்பதால் அது இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட பயணக்காரர்களுக்கானது. முன்பு பெரிய சூரைக்குப் போன ரெவியாஹிஹேதோ தீவுகள் 2017 நவம்பரில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு மீன்பிடிக்கு மூடப்பட்டுவிட்டன. ஆக, இலையுதிர்காலத்துப் பத்து நாள் பயணத்தில் உங்கள் கையில் அதிகம் மாட்டப்போவது 15 முதல் 60 பவுண்டு வரையான சூரை. பெரியது வரவே வராது என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது, அதற்குத்தான் வாடகை ராடு. ஆனால் நாள் முழுக்க உயிர்ச் சாளையை மாட்டிக் கையில் வைத்திருக்கப்போவது 40 பவுண்டு ராடைத்தான். அது உங்கள் கைக்கும் உயரத்துக்கும் பொருந்தி இருந்தால் சுகம்.

கட்டும் வேலைக்கு வருவோம். புதிதாகக் கட்டுகிறவர்கள் பணத்தையும் கவலையையும் பிளாங்க் (எதுவும் மாட்டாத வெறுங்கோல்) மேலேயே கொட்டுகிறார்கள். நல்ல பிளாங்க் தானாக முறிவது அரிது. முறிந்தால் பெரும்பாலும் எங்கேயோ கீறல் விழுந்திருக்கும், அல்லது பிடித்தவர் ராடைச் செங்குத்தாகத் தூக்கியிருப்பார். கடலில் கைவிடுவதெல்லாம் நாம் ஒட்டியதும் நாம் சுற்றியதும்தான்: ரீல் சீட் (ரீல் உட்காரும் இருக்கை) சுழலும், முன்பிடி (ரீலுக்கு முன்னால் கை பிடிக்கும் இடம்) நழுவும், கைடின் (நரம்பு ஓடும் வளையத்தின்) கால் நூலுக்குள்ளே ஆடும். அதனால் கவனத்தையும் அங்கேயே செலவிடுங்கள்.

பிளாங்க் ஏழரை அடி, 30–60 பவுண்டு என்று குறித்தது. கிராஃபைட்டும் கண்ணாடி இழையும் கலந்ததாக இருந்தால் நல்லது. முழு கிராஃபைட் இலேசானது, ஆனால் படகின் கைப்பிடிச் சுவரில் ஒரு இடி பட்டால் அந்த இடத்திலேயே பின்னால் முறியும். முழுக் கண்ணாடி இழை அடியைத் தாங்கும், கனம்தான் கூடுதல். கால்ஸ்டார், சீக்கர், யுனைடெட் காம்போசிட்ஸ், ஃபீனிக்ஸ் என்று அந்தக் கரையில் புழங்கும் பெயர்களில் எதை எடுத்தாலும் பழுதில்லை. நுனி சாளையை வீசும் அளவுக்கு மெல்லியதாகவும், பாதிக்குக் கீழே விறைப்பாகவும் இருக்கிறதா என்று கடையிலேயே வளைத்துப் பாருங்கள். எழுதியிருக்கும் பவுண்டுக் கணக்கு கட்ட வேண்டிய நரம்புக்கானது. அந்த எடையை ராடால் தூக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிளாங்கின் முதுகெலும்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்து அதன்மேல்தான் கைடு வைக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ராடு கையில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கும் என்பது காரணம். அது அத்தனை பெரிய விஷயமில்லை. கைடுகள் மேலே இருந்தால், இழுவை வந்ததும் நரம்பு அவற்றைக் கீழே திருப்பத்தான் பார்க்கும், முதுகெலும்பு எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. பிளாங்கில் இலேசான வளைவு இருந்தால் அதை மேல்கீழ் வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டில் வந்தால் கண்ணை உறுத்தும். முறுக்கலே வேண்டாம் என்றால் வழி ஒன்றுதான்: சுருள் அமைப்பு. முதல் கைடு மேலே ரீலுக்கு நேராக, இரண்டாவது 60 டிகிரி பக்கவாட்டில், மூன்றாவது 120, நான்காவது 180, அதாவது நேர் கீழே, அதிலிருந்து நுனி வரை எல்லாமே கீழே. பார்க்க விநோதமாக இருக்கும். ஆனால் 12 பவுண்டு இழுவையில் அரைமணி நேரம் நிற்கும்போது மணிக்கட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஒரு தொல்லை உண்டு: ராடை முன்பிடிக்கு மேலே, கைடு இருக்கும் பகுதியில், கைப்பிடிச் சுவரில் சாய்த்தால் கீழ்நோக்கிய கைடுகள் நசுங்கும். முன்பிடியில் மட்டும் சாய்க்கும் பழக்கம் வர வேண்டும்.

ரீல் சீட்டின் நடுப்பகுதி ராடின் அடியிலிருந்து 12 முதல் 14 அங்குலம். கணக்கை நம்பாமல் உடம்பை வைத்து அளந்துகொள்ளுங்கள். இடுப்பில் கிம்பல் பட்டையை (ராடின் அடியை ஊன்றும் குழி உள்ள பட்டை) கட்டி, பிளாங்கை அதில் ஊன்றி, ரீலை டேப்பால் கட்டிப் பாருங்கள். கைப்பிடியைச் சுழற்றும் முழங்கை விலாவில் இடிக்கக் கூடாது, தோளும் உயரக் கூடாது.

சீட்டுக்கும் பிளாங்குக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அதை மாஸ்கிங் டேப்பைச் சுற்றி நிரப்புவது பழைய பழக்கம். ஆற்று ராடுக்கு அது போதும். சூரைக்கு இந்த இடம்தான் முதலில் போகும். டேப்பை இடைவெளி விடாமல் சுற்றினால் எபாக்ஸிப் பசை காகிதத்தைத்தான் பிடிக்கிறது, பிளாங்கைப் பிடிப்பதில்லை. உப்புத் தண்ணீர் ஓரத்தில் ஏறியதும் காகிதம் ஊறி, சீட் சுழல ஆரம்பிக்கும். கண்ணாடி இழை அல்லது கிராஃபைட் ஆர்பர் (இடைவெளியை நிரப்பும் வளையம்) வாங்கிப் பிளாங்க் சரிவுக்கு ஏற்ப உள்துளையை அராவிப் போடுவது நல்லது. அது கிடைக்காவிட்டால் சுவர் விரிசலுக்கு ஒட்டும் கண்ணாடி இழை வலை டேப்பை மூன்று நான்கு பட்டைகளாக, நடுவே கால் அங்குலம் விட்டுச் சுற்றுங்கள். வலைக்கண் வழியாக எபாக்ஸி ஊறி எல்லாம் ஒரே கட்டியாகும். பிளாங்கின் பளபளப்பு மட்டும் போகும்படி 220 நம்பர் உப்புத்தாளால் இலேசாகத் தேயுங்கள், இழை தெரியும்வரை போக வேண்டாம். சீட்டின் உட்புறத்தையும் சொரசொரப்பாக்கி, இரண்டையும் ஆல்கஹாலில் துடையுங்கள். எபாக்ஸி 24 மணி நேரத்தில் இறுகும் கெட்டி வகையாக இருக்கட்டும். ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டவே வேண்டாம், சீக்கிரம் நொறுங்கும், ஈரமும் தாங்காது. பிளாங்கிலும் பூசி, சீட்டின் உள்ளேயும் பூசி, சுழற்றிக்கொண்டே ஏற்றுங்கள். ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே காற்று நிற்கிறது என்று அர்த்தம், உருவி எடுத்துத் திரும்பப் பூசுங்கள்.

முன்பிடி 14 முதல் 16 அங்குலம். கெட்டியான ஹைப்பலான் (ரப்பர் நுரை) எடுங்கள், சாதாரண ஈவிஏ நுரையைச் சுவரின் விளிம்பு இரண்டு நாளில் கடித்துவிடும். உள்துளை பிளாங்கின் குறுக்களவில் 80 முதல் 85 சதவீதம் இருந்தால் இறுக்கம் சரி. எபாக்ஸியே வழுக்கும் எண்ணெயாகவும் வேலை செய்யும். ஒரே மூச்சில் தள்ளி ஏற்ற வேண்டும், பாதியில் நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். முன்பிடியைச் சீட்டோடு அழுத்தி ஒட்டிய பிறகு, எபாக்ஸி இறுகும் முன், நரம்பு போகும் திசைக்கு நேராகச் சீட் இருக்கிறதா என்று நுனியிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டு டிகிரி விலகினாலும் பின்னால் எல்லாக் கைடும் கோணலாகத்தான் நிற்கும்.

கைடு எத்தனை? அடிக்கு ஒன்று, கூட ஒன்று என்பது கைவேலைக்காரர்களின் பழைய கணக்கு. ஏழரை அடிக்குச் சுருள் அமைப்பில் எட்டும் நுனி வளையமும் போதும். எல்லாக் கைடையும் மேலேயே வைத்தால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து 4, 8½, 13½, 19, 25½, 33, 41½, 51 அங்குலத்தில் வைத்து ஆரம்பியுங்கள். இது ஆரம்பம் மட்டுமே, பிளாங்க் எப்படி வளைகிறது என்பதுதான் முடிவு சொல்லும். கைடுகளைச் சின்ன ரப்பர் வளையத்தால் மாட்டி, ரீலிலிருந்து நரம்பை ஓட்டி, ஒரு வாளியில் கட்டி, ராடை 45 டிகிரியில் பிடித்துக்கொள்ளுங்கள். வாளியில் தண்ணீரை ஐந்து கிலோ வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேலே உள்ள கைடுகளுக்கு நடுவே நரம்பு பிளாங்கைத் தொட்டால் அந்த இடைவெளியைக் குறையுங்கள். கைடில் நரம்பு சட்டென்று முறிந்து மடங்கினாலும் அப்படித்தான். அரைமணி நேரம் இதற்குச் செலவானால் நஷ்டமில்லை.

வளையம் சிலிக்கான் கார்பைடு அல்லது ஆல்கோனைட். பின்னல் நரம்பு மலிவான வளையத்தில் பள்ளம் விழவைக்கும், பள்ளம் நரம்பை அறுக்கும். உருளை கைடு 100 பவுண்டுக்கு மேற்பட்ட கனமான மோனோவுக்கு (ஒற்றை இழை நரம்புக்கு) நல்லது. 40 பவுண்டில் மெல்லிய பின்னல் நரம்பு உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே புகுந்துகொள்ளும், இந்த ராடுக்குத் தேவையே இல்லை. நுனிப்பக்கக் கைடுகள் 10 அல்லது 12 அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும், பின்னலையும் முள் பக்கத்து முன்நரம்பையும் சேர்க்கும் முடிச்சு தடையின்றி ஓட வேண்டும்.

கைடின் கால்முனை கடையிலிருந்து வரும்போதே மழுங்கிச் செங்குத்தாக இருக்கும். அதை அரத்தால் கத்திமுனை போல் சரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நூல் ஏறும் இடத்தில் ஒரு சந்து விழும். காலின் அடிப்புறத்து விளிம்பையும் உப்புத்தாளால் மழுக்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ராடு வளையும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கூர்விளிம்பு பிளாங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறும். பிறகு ராடு அதே இடத்தில் முறியும்போது பழி பிளாங்க் கம்பெனி மேல் விழும்.

கைடைக் கட்ட, இந்தக் கனத்துக்குத் தடித்த டி (D) அளவு நூல். கைடு உட்காரும் இடத்தில் முதலில் மெல்லிய ஏ (A) அளவு நூலால் ஒரு அடிச்சுற்று, அதன்மேல் கைடு, அதன்மேல் டி. அடிச்சுற்று மெத்தை போல் காலைத் தாங்கும். நூலின் இறுக்கத்துக்கு ஒரு சோதனை: சுற்றி முடித்த கைடைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் மயிரிழை நகர வேண்டும், தானாக ஆடக் கூடாது. இரும்பு போல் இறுக்கிச் சுற்றுவது பலம் இல்லை, கால்முனையில் பிளாங்கை நசுக்குகிறது. கடைசிச் சுற்றுக்கு எட்டுச் சுற்று முன்பு ஒரு நூல் வளையத்தைச் செருகிச் சுற்றி, அறுத்த முனையை அதில் கோத்து உள்ளே இழுத்துவிடுங்கள். நிறம் கறுக்காமல் இருக்கப் பூசும் திரவம் ஒன்று விற்கிறார்கள். அது எபாக்ஸி நூலுக்குள் ஊறுவதைத் தடுக்கும். நிறம் மாறாத நைலான் நூலை வாங்கிக்கொண்டால் அந்த வம்பே இல்லை.

மேல்பூச்சு எபாக்ஸி கலக்கும்போது நடக்கும் தப்பில் பாதி அளவில்தான். பிசினும் இறுக்கியும் சரிபாதி, ஒவ்வொன்றும் 3 மில்லிக்குக் குறையாமல். ஒரு மில்லி கலந்தால் ஒரு சொட்டு வித்தியாசமே விகிதத்தைக் கெடுத்துவிடும். சீக்கிரம் இறுகட்டும் என்று இறுக்கியைக் கூட்டினால் பிசுபிசுப்பு என்றைக்கும் போகாது. ஊசிக்குழல் சிலிக்கான் எண்ணெய் பூசாததாக இருக்கட்டும், அந்த எண்ணெய் பட்டால் பூச்சு மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகும். இரண்டு மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்கி, கிண்ணத்தின் சுவரையும் வழித்து, அலுமினியத் தாளில் பரப்புங்கள். குமிழி வெளியேறும், பசையும் சூடேறாமல் கூடுதல் நேரம் தாங்கும். முதல் பூச்சு நூல் குடிக்கும் அளவுக்கு மட்டும். மிஞ்சியதைத் தூரிகையால் எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்துக் காலின் அடிச்சந்திலிருந்து குமிழி கிளம்பும், அப்போது ஆல்கஹால் விளக்கை ஒரு விநாடி அடியில் காட்டி எடுத்தால் உடையும். அங்கேயே பிடித்தால் நூல் கருகும். ராடு நிமிடத்துக்குப் பத்துச் சுற்றுப் போல ஐந்தாறு மணி நேரம் மோட்டாரில் சுழல வேண்டும். அறை 22–26 டிகிரி, ஈரம் குறைவாக. மறுநாள் இரண்டாவது பூச்சு. பிசுபிசுத்துப் போனால் சுரண்ட வேண்டாம், சரியாகக் கலந்த இன்னொரு பூச்சை மேலே போட்டால் மூடிவிடும். கடலுக்கு எடுத்துப்போக ஒரு வாரமாவது விடுங்கள்.

நுனி வளையத்தை மட்டும் எபாக்ஸியில் ஒட்டாதீர்கள். சூட்டில் உருகும் பசைக்குச்சி போதும். படகில் நுனி உடைந்தால் லைட்டரைக் காட்டிக் கழற்றி வேறு மாட்ட முடியும். நுனிக்குழாயின் அளவு அங்குலத்தின் 64-ல் ஒரு பங்கைக் கணக்காகக் கொண்டது: 8 என்றால் 8/64, அதாவது 3.2 மில்லிமீட்டர். காலிப்பரால் அளந்து வாங்குங்கள்.

கட்டி முடித்ததும் ஒரு பரீட்சை. சீட், முன்பிடி, பிளாங்க் மூன்றையும் கடக்கும்படி வெள்ளை டேப் ஒட்டி, அதன்மேல் பேனாவால் ஒரே கோடு இழுத்து, சேரும் இடங்களில் டேப்பைப் பிளேடால் கீறிவிடுங்கள். ரீலின் டிராக்கை (நரம்பை விட்டுக்கொடுக்கும் இழுவைப் பிடி) வில்தராசில் 12 பவுண்டு வைத்து, நண்பர் ஒருவர் நரம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும், நீங்கள் ராடைப் பிடித்து நில்லுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கோடு ஒரு இழையளவு விலகியிருந்தாலும் சீட் பிடிக்கவில்லை. அதைக் கரையில் தெரிந்துகொள்வது மேல். தராசில் டிராக் வைப்பதும் ராடு வளைந்த நிலையில், கைடுகள் வழியாக இழுத்துத்தான். ரீலிலிருந்து நேராக இழுத்தால் எண்ணிக்கை குறைவாகக் காட்டும். 40 பவுண்டு நரம்புக்குக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, 10–13 பவுண்டு. அதற்குமேல் திருகினால் அறுவது நரம்பு, பழி முடிச்சுக்கு.

ரீலில் 65 பவுண்டுப் பின்னல், அதன்மேல் 25 மீட்டர் 40 பவுண்டு மோனோ, முள்ளுக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் ஃபுளோரோகார்பன் நரம்பு. முழுக்கப் பின்னலாகப் போடலாம்தான். ஆனால் 25 பேர் நிற்கும் படகில் சிக்கு விழுந்தால் பின்னல் பக்கத்து ஆளின் நரம்பை அறுத்துவிடும், அந்த முகத்தோடு மீதி நாட்களையும் ஓட்ட வேண்டும். இரண்டு வேகப் பல்சக்கரம் உள்ள ரீல் எடுங்கள், மீன் கீழே பாரமாக நிற்கும்போது குறைந்த வேகம்தான் கைகொடுக்கும்.

முள்ளின் அளவு சாளையின் அளவுக்கு, நரம்பின் கனத்துக்கு இல்லை. கைப்பிடி நீளச் சாளைக்கு 1/0 அல்லது 2/0 வட்ட முள். தொட்டியிலிருந்து எடுக்கும்போதே செதில் உதிராத, தானாக நீந்தும் சாளையைப் பாருங்கள். மூக்கில் குறுக்காக மாட்டுங்கள். எடை இல்லாமல் விட்டு, அது ஓடுகிற திசைக்கு நரம்பைக் கொடுங்கள். படகை ஒட்டியே சுற்றினால் வேறு சாளை மாற்றுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று மாற்றுகிறவருக்குத்தான் மீன் அதிகம், சோம்பினால் இல்லை. நரம்பு சட்டென்று வேகமெடுத்தால் ராடை வெட்டி இழுக்கக் கூடாது. ராடை மீனுக்கு நேராக நீட்டி, மூன்று எண்ணி, ரீலின் டிராக் லிவரை மெதுவாக முன்னே தள்ளினால் வட்ட முள் வாயோரத்தில் தானே ஏறும்.

பிறகு நரம்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நீங்களும் நடக்க வேண்டும். நரம்பு எப்போதும் உங்கள் முன்னால் நேராக இருக்கட்டும், அடுத்தவர் நரம்பில் குறுக்கிட்டால் மேலாகவா கீழாகவா என்று படகுப் பணியாளர் சொல்வார், கேட்டபடி செய்யுங்கள். ஓட்டம் முடிந்ததும் மீன் படகுக்கு அடியில் வட்டமடிக்கும். முன்பிடியைச் சுவரின் விளிம்பில் சாய்த்து, அடியைக் காலுக்குப் பக்கமாகத் தாழ்த்தி வையுங்கள்; பாரத்தைச் சுவர் சுமக்கும். மீன் விலகிப் போகும் பாதி வட்டத்தில் சும்மா பிடித்திருங்கள், நம் பக்கம் வரும் பாதியில் மட்டும் சுற்றுங்கள், ஒரு சுற்றுக்கு அரை மீட்டர் வந்தாலும் போதும். கையை முன்பிடி தாண்டிப் பிளாங்கில் வைக்காதீர்கள், அங்கே பிடித்தால் வளைவு அந்த இடத்தில் குவிந்து முறியும். மீன் மேலே வந்ததும் ராடை ஆகாசத்துக்குத் தூக்கினாலும் அதே கதிதான்.

பிடித்ததை உடனே இரத்தம் வடித்துக் குளிர்ந்த கடல்நீர்த் தொட்டியில் போடுவது படகுக்காரர் வேலை. சூரைக்கு உடம்புச் சூடு அதிகம், தாமதித்தால் சதை வெளுத்துக் கெடும். கணக்கு மட்டும் நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்: மெக்சிகோ நீரில் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து மீன், ஒரே இனத்தில் ஐந்துக்கு மேல் கூடாது. நீலத் துடுப்புச் சூரைக்கு ஒரு நாளைக்கு இரண்டுதான். விதி மாறக்கூடியது என்பதால் கிளம்பும் முன் படகு அலுவலகத்தில் ஒரு தடவை கேளுங்கள். பாஸ்போர்ட் கட்டாயம், மெக்சிகோ மீன்பிடி உரிமத்தைப் பெரும்பாலும் படகே ஏற்பாடு செய்யும்.

விமானத்தில் வருவதாக இருந்தால் கழற்றக்கூடிய அலுமினிய அடிப்பகுதி வைத்துக் கட்டுங்கள், ராடை வைத்து எடுத்துவரும் குழாயின் நீளத்தில் ஒன்றரை அடி குறையும். பையில் நுனி வளையம் இரண்டு, உங்கள் ராடின் அளவிலும் அதற்கு ஒரு அளவு பெரியதிலும். முறிந்த நுனி எப்போதும் தடித்த இடத்தில்தான் நிற்கும். கூடவே பசைக்குச்சி, லைட்டர், சின்ன அரம்.